பெட்டி பிடிக்கும் வரை

ராயபுரம் ரயில் நிலையத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் அதன் தூண்களைப் பற்றி எழுதிவிடுகிறார்கள். 1856 ஜூலை முதல் தேதி தென்னிந்தியாவின் முதல் ரயில் அங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது என்பதையும் தவறாமல் சேர்த்துவிடுகிறார்கள். எனக்கு அந்தத் தூண்களைவிட, அந்த ரயிலை அனுப்பியவர் பார்த்திருக்க வேண்டிய கடிகாரத்தின்மேல்தான் ஆசை. ரயில் வருவதற்கு முன்னால் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு நேரம் இருந்தது. சூரியன் உச்சிக்கு வந்தால் மணி பன்னிரண்டு, அவ்வளவுதான். சென்னையில் உச்சிவேளையான பிறகு வாலாஜாவில் உச்சிவேளையாக மூன்றரை நிமிஷத்துக்குமேல் ஆகும். மாட்டு வண்டியில் போகிறவனுக்கு மூன்றரை நிமிஷம் ஒரு கணக்கே இல்லை. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரும் புதிருமாக இரண்டு ரயில்களை விடுகிறவனுக்கு அது உயிர் போகிற விஷயம்.

இதற்கு அந்தக் காலத்து மனிதர்கள் கண்ட வழி சுலபமானது. நுங்கம்பாக்கத்து வானாராய்ச்சிக் கூடத்தில் ஒரு நல்ல கடிகாரம் இருந்தது. அது சொல்வதே நேரம் என்று வைத்துக்கொண்டு, தந்திக் கம்பி வழியாக மற்ற இடங்களுக்கு அதைச் சொல்லி அனுப்பினார்கள். கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிஷம் 14 விநாடி முன்னால் ஓடிய இந்தச் ‘சென்னை நேர’த்தைத்தான் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ஓடிய ரயில்களும் வெகுகாலம் பார்த்துக்கொண்டிருந்தன. 1906 ஜனவரி முதல் தேதி இந்திய நேரம் வந்தபோது, நம் ஊர்க் கடிகாரங்களெல்லாம் ஒரே நாளில் ஒன்பது நிமிஷத்துக்குச் சற்றுக் குறைவாக முன்னால் தாவின. எட்டு நிமிஷம் நாற்பத்தாறு விநாடி! அதை யார் திருடிக்கொண்டு போனது என்று அன்றைக்கு யாராவது கேட்டிருப்பார்கள்.

தந்திக்கு ஒரு கம்பி இருந்தது. யார் சொல்வது சரியான நேரம் என்பதில் தகராறும் இல்லை. கம்பியில்லாமல் ஆகாயத்தில் பேசிக்கொள்ளும் யந்திரங்களுக்கு இந்த இரண்டு சௌகரியமும் கிடையாது. அனுப்புகிற யந்திரத்துக்குள் ஒரு சிறு படிகக் கல் துடித்துக்கொண்டிருக்கிறது. கேட்கிற யந்திரத்துக்குள் இன்னொரு படிகக் கல் துடிக்கிறது. இரண்டும் ஒரே வேகத்தில் துடிக்க வேண்டும் என்று ஏற்பாடு. ஆனால் உலகத்தில் எந்த இரண்டு கற்களும் ஒரே மாதிரி துடித்ததில்லை. வெயில் ஏறினால் ஒன்று சற்று மாறும், பழசானால் இன்னொன்று மாறும். நடுவில் நின்று பஞ்சாயத்து செய்ய நுங்கம்பாக்கம் இல்லை. ஆகவே கேட்கிறவன், வந்து சேருகிற பேச்சிலிருந்தே பேசுகிறவனுடைய கடிகாரத்தைத் தெரிந்துகொண்டு, தன்னுடையதை அதற்கு ஒட்டித் திருத்திக்கொள்ள வேண்டும். பேச்சு புரிந்தால்தான் கடிகாரம் தெரியும். கடிகாரம் தெரிந்தால்தான் பேச்சு புரியும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் என்கிற கதைதான்.

என் அக்கா பையன் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறான். கல்லூரி விடுமுறையென்றால் எங்கள் வீட்டு மொட்டை மாடிதான் அவனுடைய ஆராய்ச்சிக்கூடம். 2024 மே மாதம் இருபத்தைந்தாம் தேதி காலை, வடாம் காயப்போட இருந்த இடத்தை அவன் பிடித்துக்கொண்டான். இரும்புக் கடையில் வாங்கிய இரண்டு அலுமினியக் கம்பிகள், ஒவ்வொன்றும் அரை மீட்டருக்குச் சற்று அதிகம். அவற்றை ஒரு மரச்சட்டத்தில் அகன்ற கவட்டை மாதிரி பிணைத்திருந்தான். அதிலிருந்து ஒரு ஒயர், ஒயரின் முனையில் கட்டைவிரல் அளவு ஒரு கருவி, அது செருகியிருந்த மடிக் கம்ப்யூட்டர். ரேடியோ எங்கே என்று கேட்டேன்.

“இதுதான் மாமா ரேடியோ. மீதியெல்லாம் கணக்கு” என்றான்.

அந்தக் கட்டைவிரல் கருவி முதலில் டெலிவிஷன் பார்ப்பதற்காகச் செய்யப்பட்டதாம். அதற்குள் இருக்கும் சில்லு, வரும் அலையை அப்படியே எண்களாக மாற்றிக் கம்ப்யூட்டரிடம் கொட்டிவிடும் என்பதை 2012-ல் சிலர் கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து ஒரு ஜோடி நல்ல பூட்ஸ் விலைக்கு யார் வேண்டுமானாலும் இந்த வகை ரேடியோவை வைத்துக்கொள்ளலாம் என்றாகிவிட்டது. பழைய ரேடியோவில் சுருளும் கண்டென்சரும் வால்வும் செய்த வேலையை இதில் கூட்டலும் பெருக்கலும் செய்கின்றன. ஜோசப் மிடோலா என்ற அமெரிக்கர் 1990-களின் தொடக்கத்திலேயே இப்படி ஒன்று வரும் என்று கட்டுரை எழுதிவைத்திருந்தார்.

அன்று பையன் காத்துக்கொண்டிருந்தது ரஷ்யாவின் மீட்டியார் என்ற வானிலைச் சாட்டிலைட்டுக்காக. எண்ணூறு கிலோமீட்டர் உயரத்தில் நம் தலைக்குமேலே போகும். தொடுவானத்தில் எழுந்து மறைவதற்குச் சுமார் கால் மணி நேரம்தான் ஆகும். அதற்குள் கீழே தெரிகிற மேகங்களை எல்லாம் படமெடுத்து அனுப்பிக்கொண்டே போகும். விநாடிக்கு சுமார் 13.8 கோடி தடவை துடிக்கிற அலை. அந்த அலைக்கு நான்கு நிலைகள் உண்டு. கடிகார முள் நான்கு மூலைகளில் ஏதோ ஒன்றைக் காட்டுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 72,000 முறை முள் ஒரு மூலையைக் காட்டும். எந்த மூலை என்பதுதான் செய்தி. வேறெதுவும் இல்லை.

திரையில் முதலில் வெறும் இரைச்சல், மணலை வாரி இறைத்தது போல. பிறகு மணல் நடுவில் சற்று விலகி ஒரு வளையமாக நின்றது. “வந்துடுச்சு!” என்றான் பையன். எனக்கு ஒன்றும் வந்ததாகத் தெரியவில்லை.

வளையம் ஏன் என்றால் விஷயம் இதுதான். நான்கு மூலைகளைத்தான் சாட்டிலைட் காட்டுகிறது. ஆனால் பையனுடைய கருவியின் படிகக் கல் மலிவு விலைக் கல். லட்சத்துக்கு ஐந்து பங்கு பிசகுவது அதற்குச் சகஜம். 13.8 கோடியில் லட்சத்துக்கு ஐந்து என்றால் கிட்டத்தட்ட ஏழாயிரம். போதாக்குறைக்கு சாட்டிலைட் நம்மை நோக்கி விரைந்து வருகிறது. ராயபுரம் பாலத்தடியில் நின்று கூட்ஸ் வண்டியின் ஹாரனைக் கேட்டவர்களுக்குத் தெரியும்: வரும்போது ஸ்தாயி ஏறியிருக்கும், தாண்டியதும் சட்டென்று இறங்கும். சாட்டிலைட்டின் அலையும் வரும்போது மூவாயிரம் அதிகமாகவும், போகும்போது மூவாயிரம் குறைவாகவும் கேட்கும். இரண்டு கடிகாரமும் இப்படி ஒத்துப்போகாதபோது, நான்கு மூலைகளும் நம் கண்ணுக்கு ராட்டினம் போலச் சுற்றுகின்றன. சுற்றுகிற ராட்டினம் வளையமாகத்தானே தெரியும்?

பார்த்துக்கொண்டே இருந்தேன். வளையத்தின் சுழற்சி தயங்கியது. ஓரிடத்தில் தடித்தது, மறுபடி கலைந்தது. பிறகு ஒரு கணத்தில் வளையம் உடைந்து நான்கு புள்ளிகளாக நின்றுவிட்டது. கோலத்துக்கு வைத்த புள்ளிகள் மாதிரி, நாலு மூலைக்கும் ஒன்று. வாழ்க்கையில் எத்தனையோ யந்திரங்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு யந்திரத்துக்கு ஒரு விஷயம் புரிகிற கணத்தை அன்றுதான் பார்த்தேன்.

எப்படி நின்றது என்று கேட்டதற்குப் பையன் சொன்ன விளக்கத்தை என் பாஷையில் சொல்கிறேன். கம்ப்யூட்டர் ஒவ்வொரு புள்ளியையும் பார்க்கிறது. அது ஏதாவதொரு மூலையில் இருந்தாக வேண்டும். இல்லாமல் சற்றுச் சாய்ந்து விழுந்தால், சாய்ந்த அளவில் ஒரு சின்னப் பங்கு மட்டும் தன் முள்ளைத் திருப்பிக்கொள்கிறது. அடுத்த புள்ளியும் அதே பக்கம் சாய்கிறதா? அதற்கடுத்ததும்? அப்படியானால் தவறு முள்ளின் நிலையில் இல்லை, முள் ஓடும் வேகத்திலேயே இருக்கிறது என்று அதற்குத் தெரிந்துவிடுகிறது. வேகத்தையும் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ கொள்கிறது. விநாடிக்கு 72,000 தடவை இப்படி.

நிலை வேறு, வேகம் வேறு என்பதைத்தான் நான் புரிந்துகொள்ளக் கொஞ்சம் சிரமப்பட்டேன். தம்புராவில் சுருதி சேர்ப்பதை நினைத்துக்கொண்டேன். இரண்டு சாரணித் தந்திகளும் ஏறக்குறைய ஒத்திருக்கும்போது நாதத்தில் ஓர் அலை எழும்பித் தாழும். பிருடையை முறுக்க முறுக்க அந்த அலை நீண்டுகொண்டே போய்க் கடைசியில் அடங்கிவிடும். அடங்கினால் வேகம் ஒன்றாகிவிட்டது என்று அர்த்தம். வித்வானுக்கு அது போதும். ஆனால் இந்த ரேடியோவுக்குப் போதாது. காசிமேட்டில் படகு கட்டுமிடத்தில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று மாற்றி மாற்றிச் சம்மட்டி அடிப்பதைப் பார்க்கலாம். இரண்டு பேருக்கும் வேகம் ஒன்றுதான். ஆனால் ஒருவனுடைய சம்மட்டி மேலே இருக்கும்போது மற்றவனுடையது கீழே இருக்கிறது. வேகம் சேர்ந்தும் நிலை சேரவில்லை. ரேடியோவில் இரண்டும் சேர வேண்டும்.

பழைய வால்வு ரேடியோவுக்கு இந்தத் தொல்லை எதுவும் இருக்கவில்லை என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அதில் அலை பருப்பதும் சுருங்குவதும்தான் பேச்சு. அதை அளக்கக் கடிகாரம் வேண்டியதில்லை. அந்தச் சௌகரியத்துக்குக் கொடுத்த விலையும் பெரியது. முழு வீச்சில் ஒலிபரப்பும்போதுகூட நிலையத்தின் சக்தியில் மூன்றில் இரண்டு பங்கு, ஒரு வார்த்தைகூடச் சுமக்காத வெற்று அலையாகவே போகும். அந்த அலையை அனுப்பாமல் மிச்சம் பிடிக்கலாம் என்று புத்திசாலிகள் நினைத்த நாளிலிருந்துதான் கேட்கிறவனுக்கு வேலை கூடியது. பிரான்ஸில் த பெல்லெசிஸ் என்ற இஞ்சினீயர் 1932-லேயே, வரும் அலையோடு தன் அலையைப் பூட்டிக்கொள்ளும் சுற்று ஒன்றைப் பற்றி எழுதினார். ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியிலிருந்த ஜான் காஸ்டாஸ் 1956-ல், அனுப்பாமல் விட்ட அலையைப் பேச்சிலிருந்தே மீட்டுக்கொள்ளும் வளையச் சுற்று ஒன்றை வெளியிட்டார். மொட்டை மாடியில் நான்கு புள்ளிகளை நிறுத்தியது அந்த வளையத்தின் பேரப்பிள்ளைதான்.

அதற்கு முன்பெல்லாம் மனிதனே அந்த வளையமாக இருந்தான். எங்கள் வீட்டு டெலிவிஷனில் படம் மேலே மேலே உருண்டு ஓடும்போது, பின்னால் கையை விட்டு ஒரு திருகாணியைத் திருப்பி நிறுத்துவோமே, அதுவும் கடிகாரம் ஒத்துப்போகச் செய்வதுதான். அமெச்சூர் ரேடியோக்காரர்களுடைய பெட்டியிலும் அப்படி ஒரு திருகாணி உண்டு. நூறு இருநூறு அலை பிசகினால் பேசுகிறவர் குரல் வாத்துக் கத்துவது போல இருக்கும். திருகாணியை மெல்ல நகர்த்த நகர்த்த, வாத்து மனிதனாகும். 2004 டிசம்பர் 26-ம் தேதி சுனாமி வந்தபோது, அமெச்சூர் நிலையம் நடத்துவதற்காக பாரதி பிரசாத் என்ற அம்மாள் தம் குழுவோடு போர்ட் பிளேரில் இருந்தார். டெலிபோன்கள் செத்துக் கிடந்த அந்தத் தீவிலிருந்து அவருடைய ரேடியோதான் செய்தி சொல்லிற்று. இந்தக் கரையில் எத்தனை விரல்கள் அன்று எத்தனை திருகாணிகளை மயிரிழை மயிரிழையாக நகர்த்தியிருக்கும்!

மாடியில் படம் மேலிருந்து வரி வரியாக இறங்கியது. ஆந்திரக் கரை, பழவேற்காடு ஏரி, நம் கரை. அப்புறம் கடல். வங்காள விரிகுடாவின் நடுவில் வெள்ளையாக, பெரிதாக, ஒரு சுருள். மறுநாள் இரவு வங்கத்துக் கரையைக் கடந்த ரெமால் புயலின் பிள்ளைப் பிராயம் அது. மீன்பிடித் தடைக்காலமானதால் காசிமேட்டு விசைப்படகுகள் எல்லாம் கரையிலேயே கிடந்தன. பையன் படம் வந்த சந்தோஷத்தில் இருந்தான். எனக்கு எங்கள் தெருக்கோடியில் இருக்கும் ஒரு அம்மாள் ஞாபகம் வந்தது.

அவள் மகன் விசைப்படகில் போகிறவன். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையை நோக்கி வந்துகொண்டிருந்தபோது அவன் போன படகு இன்னும் திரும்பவில்லை. அவள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, “ரேடியோவுல இன்னா சார் சொல்றான்?” என்று கேட்டாள். மீனவர்கள் கடலுக்குப் போகவேண்டாம், போனவர்கள் திரும்பிவிட வேண்டும் என்று சொல்கிறார்கள் என்றேன்.

“சொல்றான், சரி. அவனுங்களுக்குக் கேக்குதா?”

புயல் கரையேறுவதற்கு முந்தின இரவு படகு திரும்பிவிட்டது. ஆனால் அந்தக் கேள்விக்கு அடுத்த வருஷமே தெற்கே வேறு பதில் கிடைத்தது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் கன்னியாகுமரிப் பக்கம் திரும்பியபோது, ஆழ்கடலில் பல நாள் தங்கும் படகுகள் எட்டாத தூரத்தில் இருந்தன. கரையில் எச்சரிக்கை விடுத்தார்கள். அந்தப் படகுகளிலிருந்த சாதாரண வயர்லெஸ் பெட்டிக்கு, தொடுவானத்தைத் தாண்டினால் காது கிடையாது. போனவர்களில் மிகப் பலர் திரும்பவில்லை. அதற்குப் பிறகுதான், கரையிலிருந்து சாட்டிலைட் வழியாகப் படகுக்குச் செய்தி சொல்லவும், படகிலிருந்து பதில் வாங்கவும் கருவிகள் வேண்டும் என்பது அவசர காரியமாயிற்று. இஸ்ரோ செய்த கருவிகளில் இப்படி இருபுறமும் பேசும் வகை 2024 ஜனவரியில் வெளிவந்தது. படகுகளுக்கு ஒரு லட்சம் கருவிகள் கொடுப்பதென்று மத்திய அரசு திட்டமும் போட்டது. நல்ல காரியம். தாமதமாக வந்த நல்ல காரியம்.

ரெமால் போய் இரண்டு வாரம் கழித்து, தடைக்காலம் முடியும் தறுவாயில், பையனை அழைத்துக்கொண்டு காசிமேட்டுக்குப் போனேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அறுபத்தொரு நாள் தடை. கடைசி நாட்களில் துறைமுகம் கல்யாண வீடு மாதிரி இருக்கும். பெயின்ட் வாசனை, டீசல் வாசனை, வலை பின்னுகிறவர்கள், எஞ்சினைக் கழற்றி மாட்டுகிறவர்கள். எனக்குப் பழக்கமான ஒரு டிரைவர் (படகை ஓட்டுகிறவரை அங்கே டிரைவர் என்றுதான் சொல்வார்கள்) தம் படகின் ஜி.பி.எஸ். பெட்டியைப் போட்டுவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

“வாங்க சார். இது இன்னும் சாட்டிலைட்டு புடிக்கல. ரெண்டு மாசம் தூங்கிச்சி இல்ல, எங்க கீறோம்னே மறந்து பூட்ச்சி.”

பையன் சிரித்தான். “அவர் சொல்றது ரொம்பச் சரி மாமா” என்றான்.

இருபதாயிரம் கிலோமீட்டருக்கு மேலிருந்து வரும் அந்த அலை, வந்து சேரும்போது பெட்டியின் சொந்த இரைச்சலுக்கும் அடியில் அமுங்கிக் கிடக்கும். விநாடிக்கு 157 கோடியே 54 லட்சத்து 20 ஆயிரம் துடிப்பு. சாட்டிலைட்டின் ஓட்டத்தால் அதில் ஐயாயிரம் கூடலாம், குறையலாம். எவ்வளவு என்று தெரியாத பெட்டி, ஐநூறு ஐநூறாக நகர்த்தி இருபத்தோரு இடங்களில் தேடுகிறது. ஒவ்வோர் இடத்திலும், சாட்டிலைட்டின் 1,023 துண்டுக் குறியீடு எந்தத் துண்டில் தொடங்குகிறது என்றும் தேட வேண்டும். ஆக ஒரு சாட்டிலைட்டுக்கே இருபத்தோராயிரத்துக்கு மேற்பட்ட கதவுகளைத் தட்டிப் பார்க்கிறது. படகு நிற்குமிடம் தெரிய இப்படி நான்கு சாட்டிலைட் வேண்டும்.

அகப்பட்ட பிறகும் விடமுடியாது. அதில் செய்தி விநாடிக்கு ஐம்பது எழுத்துத்தான் வருகிறது. ஒவ்வோர் எழுத்தும் அலை நிமிர்ந்திருக்கிறதா, தலைகீழாகக் கவிழ்ந்திருக்கிறதா என்பதுதான். 157 கோடியில் வெறும் இருபத்தைந்து பிசகினால் போதும். ஓர் எழுத்து வந்து முடிவதற்குள் முள் அரைச்சுற்றுச் சுற்றி, நிமிர்ந்தது கவிழ்ந்ததாகிவிடும். காஸ்டாஸ் வளையம் இங்கேயும் உட்கார்ந்து திருத்திக்கொண்டே இருக்கிறது. அதற்கும் ஒரு குருட்டுத்தனம் உண்டு. தலைகீழாகப் பூட்டிக்கொண்டாலும் அதற்கு எல்லாம் சரியாகவே தோன்றும். அதற்காகத்தான் ஆறு விநாடிக்கு ஒருமுறை, எல்லோருக்கும் தெரிந்த எட்டு எழுத்துக்களைச் சாட்டிலைட் சொல்கிறது. அவை கவிழ்ந்து கேட்டால் பெட்டி மொத்தத்தையும் திருப்பிப் போட்டுக்கொள்ளும்.

கடலில் இன்னொரு கஷ்டம். படகு அலையில் ஏறி இறங்குகிறது. விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஏறினாலே அலையெண்ணில் ஐந்து மாறிவிடும். வளையம் மந்தமாக இருந்தால் இந்த ஆட்டத்தைத் தொடர முடியாமல் சாட்டிலைட்டை நழுவவிடும். துடுக்காக இருந்தால் இரைச்சலையெல்லாம் ஆட்டமென்று நம்பி அதன் பின்னால் ஓடும். கேட்டதில் எவ்வளவை நம்புவது, எவ்வளவு சீக்கிரம் நம்புவது என்பதை யாரோ ஓர் இஞ்சினீயர் எங்கோ உட்கார்ந்து ஓர் எண்ணாக நிர்ணயித்திருக்கிறார். புயற்காற்றில் ஆடுகிற படகுக்கு அந்த எண்தான் காது.

இதையெல்லாம் பையன் டிரைவருக்குச் சொன்னான். அவர் பொறுமையாகக் கேட்டார். தம் அப்பா காலத்தில் கலங்கரை விளக்கத்தையும் கரையில் தெரியும் ஒரு கோபுரத்தையும் ஒரே கோட்டுக்குக் கொண்டுவந்து, அதைவைத்துக் கடலில் இடம் கண்டுபிடித்ததைச் சொன்னார். பிறகு, “அது பகல்ல. மழை இல்லாதப்ப” என்று தாமாகவே சேர்த்துக்கொண்டார். புதுக் கருவி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். மேலே கூரையைக் காட்டினார். சிறியதாக வெள்ளை நிறத்தில் ஒன்று இருந்தது.

“எங்க வூட்ல கேட்டுக்கினே இருக்கும், அது வேல செய்தா, செய்தான்னு. அத்த மாட்டனப்பறம் அது கொஞ்சம் தூங்குது சார்.”

பெட்டியில் ஒரு கோடு எழும்பியது. இன்னொன்று. நாலாவது எழும்பியதும் ஓர் அம்புக்குறி திரையின் நடுவில் வந்து ஒட்டிக்கொண்டது. டிரைவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. படகின் பின்பக்கம் நின்ற பையனைப் பார்த்து, “டேய், ஐஸு எத்தினி பார் ஏறிச்சி?” என்று குரல் கொடுத்தார்.